சேதுநாட்டுத் திருமணப் படங்கள்: ஒரு சான்றாய்வு

முன்னுரை

தமிழக வரலாற்றை எழுதப் புகுவோர் கல்வெட்டு, செப்பேடு, காசு, இலக்கியம், அயலார் குறிப்பு, அரசு ஆவணம் எனச் சான்றுகளை வகைப்படுத்திக் கொள்வது வழக்கம். இவ்வரிசையில் இன்னும் உரிய இடம் பெறாத சான்று ஒன்று நம் இல்லங்களின் சுவர்களிலேயே தொங்குகின்றது. அதுவே திருமணப் படம். கோயிலையும் கோட்டையையும் காட்டும் ஒளிப்படத்தை வரலாற்றறிஞர் தயக்கமின்றி ஏற்பர். மணமக்கள் இருவர் மாலையணிந்து நிற்கும் படத்தையோ, ஒரு குடும்பத்தாரின் நினைவுப் பொருள் என்று கூறி ஒதுக்குவர். இவ்வாறு ஒதுக்குதல் பொருந்துமா என்பதை இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரைப் பகுதியை நிலைக்களமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பகுதியைத் தேர்ந்தமைக்குக் காரணங்கள் மூன்று. படக்கருவி தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அரச வாழ்வைச் சுவரில் தீட்டி வைத்த அரண்மனை இங்கு உள்ளது. இலங்கை, பருமா, மலேயா ஆகிய நாடுகளுக்குக் கடல்வழிச் சென்று திரும்பிய மக்கள் இங்கு வாழ்ந்தனர். பிரிந்திருந்தோரிடையே படம் ஒரு தூதாயிற்று. 1964-இல் கடல் ஓர் ஊரையே கொண்டுபோன நிகழ்ச்சியும் இங்கேதான் நேர்ந்தது. படம் எதனைக் காக்கும், எதனைக் காவாது என்பதை ஆராய இதனினும் சிறந்த களம் அரிது.

சொல்லும் பொருளும்

இக்கலையைக் குறிக்கத் தமிழில் நிழற்படம், புகைப்படம், ஒளிப்படம் எனும் சொற்கள் வழங்குகின்றன. பேச்சு வழக்கில் ‘போட்டோ’ என்பதே பெருவழக்கு. நிழல், புகை, ஒளி எனும் மூன்றும் கையிற் பற்றவொண்ணாதவை என்பது கருதத்தக்கது. ஆயினும் இவற்றோடு நம் மக்கள் சேர்த்த வினைச்சொல் ‘பிடித்தல்’ என்பதாகும். நிற்காது செல்லும் ஒன்றை நிறுத்திப் பற்றுதல் என்னும் கருத்து ‘படம் பிடித்தல்’ என்ற தொடரில் அமைந்துள்ளது. திருமணத்தின் உயிர்நிலையோ முகூர்த்தம், அதாவது குறித்த சிறு பொழுது. அப்பொழுதைப் பிடித்து வைத்தல் இயலுமா என்பதே நாம் எழுப்பும் முதல் வினா. இக்கட்டுரையில் ஒளிப்படம் என்னும் சொல்லை ஆளுவோம்.

படக்கருவிக்கு முன்னர்

திருமணத்தைச் சொல்லில் வடித்த பழஞ்சான்றுகள் தமிழில் உள. அகநானூற்றின் 86, 136 ஆகிய பாடல்கள் மணநிகழ்ச்சியை விரித்துரைப்பன. பந்தர், புதுமணல், விளக்கு, உளுந்து பெய்த சோறு, திங்களும் உரோகிணியும் கூடிய நன்னாள், மகப்பெற்ற மகளிர் நீராட்டுதல் ஆகியவற்றை அவற்றிற் காண்கிறோம். இவ்விரு பாடல்களிலும் இரண்டு செய்திகள் நம் ஆய்வுக்கு இன்றியமையாதன. முதலாவது, இவை மணநாளன்று கூறப்பட்டன அல்ல. மணந்து வாழும் தலைவன் பின்னொரு நாள் அந்நாளை நினைந்து கூறுவன. இரண்டாவது, இரண்டிலும் மணமகள் நாணி முகமும் மெய்யும் மறைக்கின்றாள். சிலப்பதிகாரத்து மங்கல வாழ்த்துப் பாடலோ வேறு வகையினது. மணமக்கள் இருவர்க்கும் பெயருண்டு, அகவையுண்டு, பெற்றோர் உண்டு. யானைமேல் மகளிரை ஏற்றி மணச்செய்தியை ஊரார்க்கு அறிவித்தலும் அங்குக் கூறப்படுகின்றது. மணம் ஊரறிய நிகழ வேண்டும், ஊரே அதற்குச் சான்று என்னும் கொள்கை இதன்கண் விளங்குகின்றது.

சொல்லோவியத்திலிருந்து சுவரோவியத்திற்கு வருவோம். இராமநாதபுரம் அரண்மனையிலுள்ள இராமலிங்க விலாசம் கிழவன் சேதுபதி காலத்தில் எழுந்ததென்பர். அதன் சுவரோவியங்கள் முத்து விசய இரகுநாத சேதுபதி (1711 - 1725) காலத்தைச் சார்ந்தன. சேதுபதி இராசராசேசுவரி அம்மையிடம் செங்கோல் பெறுதல், ஐரோப்பியரைச் சந்தித்தல், தஞ்சை மராட்டியரோடு பொருதல், மகளிர் சூழ இன்புற்றிருத்தல், இராமாயண, பாகவத நிகழ்ச்சிகள் முதலியன அங்குத் தீட்டப்பெற்றுள்ளன. இவ்வோவியங்களில் முக வேறுபாடு சிறிதே. அணியும், உருவின் அளவும், அமர்ந்த நிலையுமே அரசனை இன்னான் எனக் காட்டுகின்றன. அவனைச் சூழ்ந்த மகளிர் யார் எனக் கேட்போமாயின் விடை கிடைப்பதில்லை. ஓவியன் வரைய வந்தது அரசன் என்னும் பதவியையே அன்றித் தனி மாந்தரை அன்று.

இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்க செய்தி ஒன்று இராமேசுவரத் தீவில் வழங்குகின்றது. முத்து விசய இரகுநாத சேதுபதியின் மகளிர் இருவரும் ஒருவனையே மணந்தனர் என்பதும், வழிப்போக்கரிடம் வரி கொண்ட குற்றத்திற்காக அம்மருகன் அரசனாலேயே கொல்லப்பட்டான் என்பதும், மனைவியர் இருவரும் உடன் உயிர் நீத்தனர் என்பதும் செவிவழிச் செய்திகள். அவர்கள் நினைவாக எழுந்தனவே அக்காள்மடம், தங்கச்சிமடம் என்னும் ஊர்கள் என்பர். செய்தியின் உண்மை எவ்வாறாயினும், அரசன் மகளிராய்ப் பிறந்து, மணந்து, மாண்ட இருவர்க்கு எஞ்சியது ‘அக்காள்’, ‘தங்கச்சி’ என்னும் முறைப்பெயர்களே, முகம் எஞ்சவில்லை. அரசகுலப் பெண்டிர்க்கே இதுவாயின், மீன் உலர்த்திய பெண்ணுக்கும் சங்கு குளித்தவன் மனைவிக்கும் என்ன எஞ்சியிருக்கும்? இவ்வினாவின் பின்னணியிலேயே ஒளிப்படத்தின் வருகையை நாம் நோக்குதல் வேண்டும்.

படக்கருவியின் வருகை

தாகேர் என்னும் பிரெஞ்சுக்காரரின் படமுறை பாரிசு நகரில் 1839-இல் வெளியிடப்பட்டது. சென்னையில் ஒளிப்படக் கழகம் 1856-இல் தோன்றியது. அதே ஆண்டில் சென்னை அரசினர் லின்னேயசு திரைப் என்னும் படைத்தலைவரை அரசு ஒளிப்படக்காரராக அமர்த்தினர். அவர் 1858-இல் மதுரை, தஞ்சை முதலிய இடங்களைப் படம்பிடித்தார். தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானத்தின் அடித்தளத்திலுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக அவர் ஒட்டி அமைத்தார். தமிழ்நாட்டில் படக்கருவி தொடக்கத்திலேயே கல்வெட்டுக்குத் தொண்டு செய்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. பின்னர் 1867, 1868 ஆம் ஆண்டுகளில் இலையன் என்னும் மற்றொரு படைத்தலைவர் அரசின் ஆணைப்படி தென்னாட்டுக் கோயில்களைப் படமெடுத்தார். இராமேசுவரத் திருக்கோயிலும் அவர் படங்களுள் இடம்பெற்றது. இம்முயற்சிகளுக்கெல்லாம் பொருளாக நின்றவை கல்லும் கட்டடமுமேயாம். மக்கள் அவற்றில் இடம்பெற்ற விடத்தும் தூணின் உயரத்தைக் காட்டும் அளவுகோலாகவே பெரும்பாலும் நின்றனர்.

இதற்கு அக்காலத் தொழில்முறையும் ஒரு காரணம். 1851-இல் வெளியான ஈரத்தட்டு முறையில், கண்ணாடித் தட்டின்மேல் மருந்தைப் பூசி, அது உலருமுன் படமெடுத்து, உடனே இருட்டறையில் கழுவி முடித்தல் வேண்டும். வெப்பமும் மணற்காற்றும் மிக்க கடற்கரையில் இஃது எத்துணை இடர்ப்பாடுடையது என்பது சொல்லாமலே விளங்கும். கூடாரம், மருந்துப்புட்டி, தண்ணீர், சுமையாள் ஆகியவற்றோடு மணவீட்டிற்கு வருதல் எளிய குடும்பத்தார்க்கு எட்டாச் செலவு. 1880-ஐ ஒட்டி உலர்தட்டு விற்பனைக்கு வந்த பின்னரே படக்கலை பொதுமக்கள்பாற் பரவத் தொடங்கியது. நகரங்களிற் படக்கூடங்கள் பெருகின.

சேதுநாட்டிற்கு மற்றொரு வாயிலும் திறந்தது. மதுரையிலிருந்து மண்டபம் வரை இருப்புப்பாதை 1902-இல் வந்தது. பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24-ஆம் நாள் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே தனுட்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடலாயிற்று. ‘போட் மெயில்’ எனப் பெயர் பெற்ற தொடர்வண்டி சென்னையையும் கொழும்பையும் இணைத்தது. தொழிலுக்காகக் கடல் கடந்த கணவன், ஊரிலிருந்த மனைவி, இருவர்க்கும் இடையே அஞ்சலிற் சென்ற படம் என இம்முக்கூற்று வாழ்வு பெருகியது இக்காலத்திலேயாம்.

மணநாளும் படநாளும்

திருமணப் படத்தைச் சான்றாகக் கொள்வோர் முதற்கண் தெளிய வேண்டியது ஒன்றுண்டு. பழைய திருமணப் படங்களிற் பல, மணநாளன்று எடுக்கப்பட்டன அல்ல. முகூர்த்தம் பெரும்பாலும் வைகறையிலோ காலைப் பொழுதின் தொடக்கத்திலோ அமையும். தென்னங்கீற்றுப் பந்தரின் கீழே அப்பொழுதில் உள்ள ஒளி அக்காலத் தட்டுகளுக்குப் போதாது. படக்கூடமோ கண்ணாடிக் கூரையும் வெண்திரையும் அமைத்து ஒளியை வேண்டியவாறு பெறும் இடம். ஆகவே மணமக்கள் மணம் முடிந்து சில நாளோ சில திங்களோ கழிந்தபின் நகருக்குச் சென்று, மணக்கோலத்தை மீண்டும் புனைந்து, படத்திற்கு அமர்ந்தனர். படத்தின் பின்புறம் ஒரு நாள் குறிக்கப்பட்டிருப்பின் அது மணநாளா, படமெடுத்த நாளா, படம் கைக்கு வந்த நாளா என்பதை ஆராயாது முடிவு கட்டலாகாது.

இதனை ஒரு குறை என்று கொள்ள வேண்டுவதில்லை. முன்னர்க் காட்டிய அகநானூற்றுப் பாடல்களும் மணநாளைப் பின்னர் நினைந்து கூறுவனவே அல்லவா? படக்கூடத்திற்குச் சென்ற மணமக்களும் தம் மணநாளை நினைந்து மீண்டும் நடித்தனர். நினைவுகூர்தலே இரண்டற்கும் பொதுவான இயல்பு. வரலாற்று மாணவர் செய்யவேண்டுவது, நிகழ்ச்சிக்கும் நினைவிற்கும் உள்ள இடைவெளியை அளந்தறிதலே.

அவ்விடைவெளியைக் காட்டும் குறிகள் படத்திலேயே உள. பின்னால் தொங்கும் திரையில் மாளிகைப் படிக்கட்டோ பூங்காவோ தீட்டப்பட்டிருப்பின் அது படக்கூடம். கீழே மண்தரையும் ஓரத்திற் கீற்றும் தெரியின் அது மணவீடு. ஒளி ஒருவர்க்கு வலப்புறமிருந்தும் மற்றவர்க்கு இடப்புறமிருந்தும் விழுமாயின் ஐயுறுதல் வேண்டும். தனித்தனியே எடுத்த இரு படங்களை வெட்டி இணைத்து ஒன்றாக்கும் கைத்திறன் அக்காலப் படக்கூடத்தார்க்கு உண்டு. கணவன் கடல்கடந்த நாட்டிலிருப்பவனாகவோ, இருவருள் ஒருவர் மறைந்தவராகவோ இருந்த நிலையில், என்றும் ஒருங்கு நின்று படமெடுத்துக்கொள்ளாத இருவர் படத்தில் மட்டும் ஒருங்கு நிற்பர். சேதுநாடு போன்று ஆடவர் பெயர்ந்து வாழ்ந்த நிலப்பகுதியில் இவ்வையம் மிகவும் வேண்டற்பாலது.

முகப்பும் பின்புறமும்

திருமணப் படத்தை எவ்வாறு படித்தல் வேண்டும்? சோழர் கல்வெட்டுகளைப் படிக்கும் முறையே இதற்கும் ஏற்றது என்பது எம் கருத்து. கல்வெட்டின் தொடக்கத்தில் மெய்க்கீர்த்தி நிற்கும். அது மரபுவழிப்பட்ட புகழ்மொழி. அரசன் தன்னை எவ்வாறு காட்ட விரும்பினான் என்பதை அறிவிப்பது. அதனை அடுத்து வரும் பகுதியோ ஆட்சியாண்டு, ஊர், நிலத்தின் எல்லை, கொடுத்தோர், கையெழுத்திட்டோர் ஆகிய செய்திகளைக் கொண்டது. மெய்க்கீர்த்தியைப் பொய்யென்று தள்ளுவாரும் இல்லை. முழுதும் மெய்யென்று கொள்வாரும் இல்லை. திருமணப் படத்தின் முகப்பு மெய்க்கீர்த்தி போன்றது. அதன் பின்புறம் கல்வெட்டின் செய்திப் பகுதி போன்றது.

முகப்பிற் காணும் கைக்கடிகாரம் மணமகனுடையதாதல் வேண்டும் என்பதில்லை. மேற்சட்டையும் படக்கூடத்தார் கொடுத்து வாங்குவதாக இருக்கலாம். சிறு மேசைமேல் உள்ள புத்தகம் அவன் படித்ததற்குச் சான்றாகாது. நகைகளுள் இரவல் பெற்றவை இருக்கலாம். கண்ணாடித் தட்டின்மேல் கரிக்கோலால் திருத்தி முகத்தை வெளிறச் செய்தலும், படத்தின்மேல் வண்ணம் தீட்டிப் பட்டாடையின் கரையை விளங்கச் செய்தலும் அக்காலப் பணிகளேயாம். இவற்றைக் கொண்டு அக்குடும்பத்தின் செல்வநிலையைக் கணித்தல் பிழையாகும். எனினும், எதனைப் பெருமையென்று அவர்கள் எண்ணினர் என்பதை இவையே நன்கு காட்டும். கடிகாரமும் புத்தகமும் பெருமைக்குரியனவாகக் கருதப்பட்ட ஒரு காலத்தை அவற்றால் அறிகிறோம்.

காட்டவேண்டும் என்று கருதாமலே காட்டப்பட்டவை இன்னும் சிறந்த சான்றுகள். மங்கலநாணின் வடிவம், சேலை உடுத்த முறை, கொண்டையின் சாய்வு, காதின் துளை, கால் வெறுங்காலா செருப்பணிந்ததா என்பன அத்தகையன. யார் அமர்ந்துள்ளார், யார் நிற்கின்றார் என்பதும் கருதத்தக்கது. கணவன் நாற்காலியில் அமர மனைவி அருகில் நிற்கும் அமைப்பும், இருவரும் ஒத்து அமரும் அமைப்பும், இருவரும் ஒத்து நிற்கும் அமைப்பும் உண்டு. ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைப் படங்களை அருகருகே வைத்து நோக்கின், இல்லறத்தைப் பற்றிய எண்ணம் மாறிவந்த வழி புலப்படக் கூடும். ஒரு படத்தைக் கொண்டு இம்முடிவிற்கு வருதல் ஆகாது, வரிசை வேண்டும்.

படத்தின் பின்புறத்தைப் பலர் நோக்குவதேயில்லை. படம் ஒட்டிய தடித்த அட்டையில் படக்கூடத்தின் பெயரும் ஊரும் அச்சிடப்பட்டிருக்கும். மறுபடி வேண்டுவோர்க்கு உதவும் பொருட்டுத் தட்டின் எண் எழுதப்பட்டிருக்கும். அஞ்சலில் அனுப்பப்பட்டதாயின் முகவரியும் முத்திரையும் உண்டு. படக்கூடத்தின் ஊர் எதுவெனத் தெரிந்தால், அக்குடும்பத்தார் எந்நகரோடு தொடர்புடையோர் என்பது தெரியும். சட்டமிட்டுச் சுவரில் மாட்டும்போது இப்பின்புறம் மறைகின்றது. சட்டத்தைப் புதுப்பிப்போர் பழைய அட்டையை எறிந்து விடுகின்றனர். அவ்வட்டையோடு படத்தின் செய்திப் பகுதி அழிந்து, மெய்க்கீர்த்தி மட்டும் எஞ்சுகின்றது.

படத்தில் இல்லாதார்

ஒரு சான்று எதனைக் கூறவில்லை என்பதும் ஆராய்ச்சிக்கு உரியதே. கைம்பெண்டிர் மங்கலச் சடங்குகளில் முன்னிற்றலாகாது என்னும் கட்டுப்பாடு நிலவிய குடும்பங்களில், மணமகனை வளர்த்தெடுத்த தாயே படத்தில் இல்லாதிருக்கக் காண்போம். அவள் அன்று உயிரோடில்லை என்று முடிவு செய்தல் பெருந்தவறாகும். சமைத்தோர், மேளம் வாசித்தோர், பந்தர் போட்டோர் ஆகியோரும் படத்தின் ஓரத்திலன்றி இடம்பெறார்.

கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களில் வாழும் இசுலாமியர் திருமணத்தைக் கருதுவோம். நிக்காகு என்பது பெண்ணின் பொறுப்பாளர், மணமகன், சான்றாளர் ஆகியோர் முன்னிலையில் நிகழும் உடன்படிக்கை. அதற்குப் பதிவேடே சான்று. மணமக்கள் இருவரும் ஒருங்கமர்தல் அச்சடங்கின் கூறன்று. உருவப்படம் பற்றிய தயக்கமும் பெண்டிரின் மறைப்பும் சேர்ந்து, முற்காலத்தில் இணைப்படங்களை அரியனவாக்கின. எடுக்கப்பட்ட படங்களில் மணமகனும் ஆடவர் கூட்டமுமே காணப்படுதல் இயல்பு. மணமகன் பெண்வீட்டிற் சென்று வாழும் வழக்கமுடைய கீழக்கரையில், பெண்வழி வீடே குடும்பத்தின் நடுநிலையாயினும், படத்தை மட்டும் நோக்குவார்க்கு ஆடவர் உலகமே தோன்றும். கத்தோலிக்கர் திருமணத்திற்கு ஆலயப் பதிவேடு சான்றாகும். ஆகவே படம், பதிவேடு, பாட்டு, முதியோர் வாய்மொழி ஆகிய நான்கினையும் ஒருங்கு வைத்து ஆராய்தலே முறையாகும்.

எழுத்துச் சான்று படத்தின் குறையை நிரப்பும் என்பதற்கு இராமேசுவரத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தரலாம். ஆண்டுதோறும் நிகழும் சீதாராமர் திருக்கல்யாண விழாவில், இறைத்திருமேனிகளைக் குளத்தின் நடுவேயுள்ள மணமேடைக்குக் கொண்டு செல்லப் படகுகளை ஏற்பாடு செய்தது தம் குடும்பமே என அப்துல் கலாம் தம் தன்வரலாற்றில் குறித்துள்ளார். விழாவைக் காட்டும் ஒரு படத்திற் படகு தெரியலாம். படகு யாருடையது என்பதைப் படம் சொல்லாது.

சடங்கை மாற்றிய கருவி

திருமணம் படத்தை உண்டாக்கியது போலவே படமும் திருமணத்தை மாற்றியது. படச்சுருளும் மின்னொளி விளக்கும் வந்தபின் படக்காரர் மணவீட்டிற்கே வரலாயினர். 120 எனப்படும் சுருளொன்றில் சதுரப் படம் பன்னிரண்டுதான் எடுக்க இயலும். உதகையில் இந்துசுதான் போட்டோ பிலிம்சு ஆலை 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய காலத்திலும் சுருள் சிக்கனமாகவே ஆளப்பட்டது. நாள் முழுதும் நிகழும் சடங்குகளுள் பன்னிரண்டையோ இருபத்துநான்கையோ தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை படக்காரர்க்கு நேர்ந்தது. மாலை மாற்றல், தாலி கட்டல், தீவலம் வருதல், பெரியோரை வணங்கல் என அவர் தேர்ந்தவை நினைவில் நின்றன. படத்தில் இடம்பெறாதவை மெல்ல மெல்ல வழக்கிழந்தன அல்லது சுருங்கின. தாலி முடிச்சிடும் கை படக்காரர்க்காக ஒரு நொடி நிற்கலாயிற்று. வரவேற்பு என்னும் புதிய நிகழ்ச்சியோ, விருந்தினர் வரிசையாய் வந்து படத்திற்கு நிற்பதையே தன் நடுப்பொருளாகக் கொண்டது.

சடங்கற்ற திருமணங்களிற் படத்தின் பங்கு இன்னும் கூடியது. சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கும் சட்டத்திருத்தம் தமிழ்நாட்டில் 1967-இல் நிறைவேறியது. மாலை மாற்றுதலோ, மோதிரம் அணிவித்தலோ, தாலி அணிவித்தலோ போதுமென அது விதித்தது. தீயும் புரோகிதரும் இல்லாத அம்மணங்களில், தலைமை தாங்கியவரோடு மணமக்கள் நிற்கும் படம் கண்கண்ட சான்றாய் நின்றது. சிலப்பதிகாரத்தில் யானைமேற் சென்ற மகளிர் ஆற்றிய அறிவிப்புப் பணியைப் படம் ஏற்றுக்கொண்டது எனலாம்.

யாவற்றினும் பெரிய மாற்றம் மணமகளின் முகத்தைப் பற்றியது. அகநானூற்று மணமகள் முகம் மறைத்தாள். பிற்காலத்தும் தலைகவிழ்ந்திருத்தலே மணமகட்கு அழகெனப்பட்டது. படக்கருவி அவளைத் தலைநிமிர்ந்து நோக்கச் சொல்லிற்று. பழம்படங்களில் மணமகளிர் சிலரின் பார்வையிற் காணும் விறைப்பினை அச்சமென்றும் நாணமென்றும் கூறுவர். தன்னை ஊரார் நேர்நின்று நோக்கும் வழக்கமில்லாத ஒரு பெண், ஒரு கண்ணாடி வில்லையை நேர்நின்று நோக்கிய முதற்கணம் அது. அவ்வளவில் அது சமுதாய வரலாற்றுச் செய்தியே. அக்காள்மடத்தும் தங்கச்சிமடத்தும் நினைக்கப்படும் மகளிர்க்குக் கிட்டாத ஒன்று, இவ்வெளிய மகளிர்க்குக் கிட்டியது.

கடலும் காற்றும்

1964 திசம்பர் 22-ஆம் நாள் நள்ளிரவையொட்டி வீசிய புயலும் பேரலையும் தனுட்கோடியை அழித்தன. பாம்பனிலிருந்து சென்ற பயணவண்டி நூற்றுக்கு மேற்பட்டாரோடு கடலுக்கிரையாயிற்று. அவ்வூர் மக்கள் வாழத் தகுதியற்றதென அரசு அறிவித்தது. ஆலயத்தின் சுவரும், நிலையத்தின் இடிபாடும் இன்றும் நிற்கின்றன. அங்கிருந்த வீடுகளின் சுவரில் தொங்கிய படங்களோ எஞ்சவில்லை. கல் நின்றது, தாள் அழிந்தது எனும் இவ்வேறுபாட்டைக் கல்வெட்டாய்வார் நன்குணர்வர். அவ்வூரிலிருந்து மணமுடித்து வேற்றூர் சென்ற பெண்டிரின் இல்லங்களிலும், இலங்கைக்கு அஞ்சலிற் சென்ற உறைகளிலும் இருந்த படிகளே அவ்வூர் வாழ்வுக்கு எஞ்சத்தக்க முகச்சான்றுகள். ஆகவே ஓர் ஊரின் படங்களை அவ்வூரிலேயே தேடுதல் போதாது. பெண் கொடுத்த ஊரிலும் கொண்ட ஊரிலும் தேடுதல் வேண்டும்.

பேரலை ஓர் இரவில் செய்ததை உப்புக்காற்று மெல்லச் செய்கின்றது. வெள்ளியுப்பால் ஆன படம் ஈரத்தில் மங்கும்; பசைப்பூச்சில் பூஞ்சை படரும்; கண்ணாடியோடு படம் ஒட்டிக்கொள்ளும். வண்ணப்படம் நெடுநாள் நிற்குமென எண்ணுதலும் தவறு. 1970-களுக்குப் பின்வந்த வண்ணப்படங்களிற் பல செந்நிறமேறி வெளிறிவிட்டன. அவற்றினும் பழைய கருப்பு வெள்ளைப் படங்கள் தெளிவாக நிற்கின்றன. பாட்டியின் முகம் விளங்க, தாயின் முகம் மங்கும் விந்தையைப் பல இல்லங்களிற் காணலாம். படக்கூடங்கள் மூடப்பட்டபோது கண்ணாடித் தட்டுகளைக் கழுவிச் சட்டக் கண்ணாடியாக்கியதும் உண்டு. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் துணையோடு, தமிழகப் படக்கூடங்களின் பழம்படங்களை இந்நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் எண்மப் படிகளாக்கத் தொடங்கியமை போற்றத்தக்கது. அம்முயற்சி ஊர்தோறும் தொடர வேண்டும்.

இன்று நிலைமை வேறு. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை நெடுஞ்சாலை 2017-இல் திறக்கப்பட்ட பின்னர், மணமக்கள் தனுட்கோடி இடிபாடுகளின் முன்னும் பாம்பன் கடலோரத்தும் நின்று படமெடுத்துக் கொள்கின்றனர். மணநாளுக்கு முன்னரே படநாள் அமைதல் இக்கால வழக்கு. பண்டு பின்னர் அமைந்தது இன்று முன்னர் அமைகின்றது. பன்னிரண்டு படங்கள் இருந்த இடத்தில் ஆயிரக்கணக்கான படங்கள் எடுக்கப்படுகின்றன. எண்ணிக்கை பெருகியதால் காப்பு உறுதியாயிற்று என்பதில்லை. கையடக்கப் பேசி பழுதுற்றால் அனைத்தும் ஒருங்கே மறையும். தன் மக்களின் மணப்படங்களைக் கடலுக்கு இழந்த ஊரின் ஆலயச் சுவர், அறியாத மணமக்களின் படங்களுக்குப் பின்திரையாய் நிற்கின்றது என்பதை அங்கே நிற்போர் அறிந்து நிற்பாராயின் நன்று.

செய்யத்தக்கன

முதுகலை மாணவர் தத்தம் ஊரிலேயே இப்பணியைத் தொடங்கலாம். படத்தின் முகப்பையும் பின்புறத்தையும் சேர்த்தே படியெடுத்தல் வேண்டும். சட்டத்தினின்று கழற்றுமுன் அது தொங்கிய இடத்தையும், அருகில் எவை தொங்கின என்பதையும் குறித்தல் வேண்டும். படத்திலுள்ளார் ஒவ்வொருவர்க்கும் எண்ணிட்டு, முதியோரிடம் பெயரும் உறவுமுறையும் கேட்டெழுதல் வேண்டும். படத்தில் இல்லாதவர் யார், ஏன் இல்லை என்பதையும் தவறாது வினவுதல் வேண்டும். மணநாளைப் பதிவேட்டோடும் அழைப்பிதழோடும் ஒப்பிட்டுக் காணல் வேண்டும். இல்லத்தாரின் இசைவின்றி எதனையும் வெளியிடலாகாது. மூலப்படம் இல்லத்திலேயே இருத்தல் வேண்டும், படி மட்டும் நூலகத்திற்கு வருதல் போதும்.

இப்பணிக்கு எல்லை வகுத்திருப்பது உப்புக்காற்று மட்டுமன்று. படத்திலுள்ளாரைப் பெயர்சொல்லிக் காட்டவல்ல கடைசி முதியவர் மறையும் நாளில், படம் எத்துணைத் தெளிவாக இருப்பினும் படிக்கவொண்ணா எழுத்தாலான கல்வெட்டாகிவிடும். தாளைக் காக்கும் காலத்தினும் பெயரைக் காக்கும் காலம் மிகக் குறுகியது.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படும் முடிவுகள் சில. சேதுநாட்டில் ஒளிப்படத்திற்கு முற்பட்ட சான்றுகள் சடங்கையும் பதவியையும் காத்தன. தனி மாந்தரின், அவருள்ளும் பெண்டிரின், முகத்தைக் காக்கவில்லை. திருமணப் படமே எளிய மக்கட்கு முகச்சான்றை முதன்முதல் வழங்கியது. அச்சான்று மணநாளை உள்ளவாறு காட்டுவதன்று. மணத்தை எவ்வாறு காணவேண்டுமென இல்லத்தார் விரும்பினர் என்பதைக் காட்டுவது. ஆதலின் மெய்க்கீர்த்தியைப் படிப்பது போல அதன் முகப்பையும், கல்வெட்டின் செய்திப் பகுதியைப் படிப்பது போல அதன் பின்புறத்தையும் படித்தல் வேண்டும். படத்தில் இல்லாதாரைப் பதிவேட்டாலும் வாய்மொழியாலும் நிரப்புதல் வேண்டும். தஞ்சைக் கல்வெட்டின் நீண்ட வரிகளை 21 படங்களில் ஒருவர் பிடித்துக் கொடுத்தார். அவ்வரிகளைப் படிக்கப் பின்னர் அறிஞர் பலர் வந்தனர். நம் இல்லச் சுவர்களில் தொங்கும் முகங்களைப் படிக்க வருவார் அவற்றிற்குப் பெயருள்ள பொழுதே வருதல் வேண்டும்.